மூடி திறக்காத வண்ணப் பெட்டி: கலைப் பொழுதுபோக்கை ‘நாளைக்கு’ என்று தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அலமாரியின் மேல்தட்டில் மூன்று வருடம் கிடந்த வாட்டர் கலர் பெட்டியை ஒருநாள் கீழே இறக்கினேன். பன்னிரண்டு டியூப். நீல டியூபின் மூடியைத் திருகினால் அசையவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். மூடி வரவில்லை, டியூபின் கழுத்துதான் முறுக்கிக்கொண்டது. உள்ளே இருந்த நீலம் கல்லாகிவிட்டிருந்தது.

அந்த மூன்று வருடமும் நான் சும்மா இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. எந்தத் தாள் நல்லது என்று தேடித் தேடிப் படித்தேன். பிரஷ்களை ஒப்பிட்டேன். மணிக்கணக்கில் வீடியோ பார்த்தேன். ஈரத் தாளில் வண்ணம் எப்படிப் பரவும் என்று யாராவது கேட்டிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பேன். ஒரு கோடு மட்டும் போடவில்லை.

இந்த வழிகாட்டி அந்த ஒரு கோட்டைப் பற்றியது. படமோ, கிட்டாரோ, குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னலோ, எழுத்தோ, புகைப்படமோ, ‘ஆரம்பிக்கணும்’ என்று சொல்லிச் சொல்லியே காலம் ஓடிப்போனவர்களுக்காக எழுதுகிறேன். ஆரம்பித்துவிட்டேன், முன்னேற்றம்தான் போதவில்லை என்பவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது. அது வேறு நோய்.

முதலில் ஒரு பழியைத் துடைத்துவிடுவோம்

தள்ளிப்போடுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்ளும் பெயர் ‘சோம்பேறி’. பெரும்பாலும் அது தப்பு. திருக்குறளில் மடியின்மை அதிகாரத்தில், கெட்டுப்போகிறவர்கள் ஆசையோடு ஏறிக்கொள்ளும் கலம் என்று நான்கு குணங்கள் வருகின்றன: நெடுநீர், மறவி, மடி, துயில். காலத்தை நீட்டித்துக்கொண்டே போகும் நெடுநீருக்கும் சோம்பலாகிய மடிக்கும் அங்கே தனித்தனி இடம். நாம்தான் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம்.

ஃபியூஷா சிருவா, டிமத்தி பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013-இல் இதைத் தெளிவாக வாதிட்டார்கள். ஒரு வேலையை நினைத்ததும் மனதில் ஒரு நெருடல் கிளம்புகிறது: பயம், சலிப்பு, கூச்சம், குழப்பம், ஏதோ ஒன்று. அந்த நெருடலை இப்போதே தணித்துக்கொள்ள நாம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறோம். அந்த நிமிடத்துக்கு நிம்மதி. கணக்கு மட்டும் நாளைய நமக்கு எழுதப்படுகிறது. நேரத்தைத் திட்டமிடத் தெரியாததுதான் காரணம் என்றால், புது டைரி வாங்கியவர்களெல்லாம் இந்நேரம் ஓவியர்களாகியிருக்க வேண்டும்.

சரி, பிடித்த விஷயத்தை நினைத்தால் ஏன் நெருட வேண்டும்? பிடித்திருப்பதால்தான். மனதுக்குள் இருக்கிற படம் கோணுவதில்லை, மனதுக்குள் வாசிக்கிற பாட்டில் சுருதி விலகுவதில்லை. பென்சிலை எடுத்த மறுகணம் அந்தக் கனவுக்கும் உண்மையான கைக்கும் உள்ள தூரம் பளிச்சென்று தெரிந்துவிடும். அதைப் பார்க்கத்தான் மனம் ஒப்புவதில்லை. போதாக்குறைக்கு, வரையாவிட்டால் கேட்க ஆளில்லை. அலுவலக வேலையைத் தள்ளிப்போட்டால் ஒருநாள் கத்தி கழுத்துக்கு வரும், செய்து முடித்துவிடுவோம். பொழுதுபோக்குக்கு அப்படி ஒரு கடைசி நாள் கிடையாது. அதனால்தான் இந்தத் தள்ளிப்போடல் மட்டும் சத்தமே இல்லாமல் பத்து வருடம் தாங்குகிறது.

படி 1: தடை எங்கே என்று கண்டுபிடியுங்கள்

ஒரு தாளில் இந்தக் கேள்வியை எழுதிப் பதில் சொல்லுங்கள்: ‘இன்றைக்கு ராத்திரி இருபது நிமிடம் கிடைத்தால், எழுந்து போய் முதலில் எந்தப் பொருளைக் கையில் எடுப்பேன்?’

பதில் பென்சில், கிட்டார், ஊசி என்று ஒரு பொருளாக வந்தால் நல்லது. ‘முதலில் நல்ல வகுப்பாகப் பார்க்கணும்’, ‘எந்த பிராண்ட் வாங்குவது என்று தெரிந்துகொள்ளணும்’ என்று வந்தால் நீங்கள் தயாரிப்புக்குள் ஒளிந்திருக்கிறீர்கள். நான் குடியிருந்ததும் அந்த வீட்டில்தான். மற்ற தள்ளிப்போடல்களைவிட இது பொல்லாதது, ஏனென்றால் வேலை செய்த திருப்தியையும் சேர்த்தே கொடுத்துவிடும். இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்துவிட்டு ‘இன்றைக்குக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்’ என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

‘இந்த மாசத்து வேலை முடியட்டும்’, ‘பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும்’ என்று வந்தால், அலை ஓய்ந்த பிறகு தலை முழுகக் காத்திருக்கிறீர்கள். ‘கிட்டாரா, களிமண்ணா, எழுத்தா, எதை எடுப்பது?’ என்று வந்தால் அது தேர்வுக் குழப்பம். இந்த இரண்டும் சுலபமான கேஸ்கள்.

சிரமமானது இன்னொன்று. பதில் ‘பென்சில்’ என்று உடனே வந்துவிடும், ஆனால் அதைச் சொல்லும்போதே வயிற்றில் ஏதோ இறுகும். இதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பழைய சிரிப்பு இருக்கும். பத்து வயதில் நான் ஒரு குதிரை வரைந்தேன். வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் அதை எடுத்துப் பார்த்து, “அட, நாய் நல்லா வந்திருக்கே!” என்றார். பாராட்டத்தான் சொன்னார், பாவம். முப்பது வருடம் கழித்தும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று நினைவுக்கு வந்தால் அதையும் அந்தத் தாளிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். எழுதியதும் அது மறைந்துவிடாது. ஆனால் அடுத்த முறை கை தயங்கும்போது, தயங்குவது யார் குரலுக்கு என்று தெரிந்திருக்கும்.

படி 2: ஒன்றைப் பிடியுங்கள், பதினான்கு நாளுக்கு மட்டும்

வாழ்நாள் துணை தேடுவதைப்போலப் பொழுதுபோக்கைத் தேடினால் எதுவும் அமையாது. பதினான்கு நாள். அதன்பிறகு விட்டுவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எதைப் பிடிப்பது? என் அளவுகோல் கொஞ்சம் வறட்டுத்தனமானது. உட்கார்வதற்கும் ஆரம்பிப்பதற்கும் நடுவில் எதில் வேலை குறைவோ, அதை எடுங்கள். பென்சில் ஓவியத்துக்கும் எழுத்துக்கும் அந்த இடைவெளி பத்து விநாடி. ஆயில் பெயின்டிங்குக்குத் துணி விரிக்கணும், கரைப்பான் எடுக்கணும், ஜன்னலைத் திறந்து வைக்கணும், முடிந்ததும் பிரஷ் கழுவணும், படம் காயப் பல நாள் ஆகும். தள்ளிப்போடுகிற மனதுக்கு இவை ஒவ்வொன்றும் தப்பித்து ஓட ஒரு கதவு. ஆசை ஆயில் பெயின்டிங்கில் இருந்தாலும் முதல் பதினான்கு நாள் பென்சில்.

இரண்டு ஒரே அளவில் இழுத்தால் இன்பத்தைக் கேட்காதீர்கள், எரிச்சலைக் கேளுங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாரில் முதல் சில வாரம் விரல் நுனி எரியும். குரோஷாவில் அரைமணி நேரம் பின்னியதை ஒரே இழுப்பில் பிரிக்க வேண்டி வரும். எழுத்தில், நேற்று எழுதியதை இன்று படிக்கும் கூச்சம். இதில் எதை உங்களால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க முடியுமோ, அதுதான் உங்களுக்கானது.

படி 3: முதல் அடியை வெட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

முதல் அடிக்கு மூன்று நிபந்தனை. அதற்கு வேண்டியது எல்லாம் இந்த நிமிடம் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும். முடிந்த பிறகு ஒரு தடயம் மிஞ்ச வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். பாடம் பார்த்தால் தடயம் கிடையாது. பொருள் வாங்கினால் ரசீதுதான் மிஞ்சும். தாளில் ஒரு கோடு, போனில் பத்து விநாடி ஒலிப்பதிவு, நூலில் ஒரு சங்கிலி: கையால் தொட்டோ காதால் கேட்டோ பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று உலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் நீங்கள் இன்னும் ஆரம்பிக்கவில்லை. இந்த ஒரு சோதனையை வைத்திருந்தால் என் மூன்று வருடத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

படம் வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் அடி, தாளைப் பார்க்காமல் வரைவது. எழுதாத கையை மேசைமேல் தளர்வாக வையுங்கள். எழுதும் கையில் பென்சிலை எடுத்துத் தாளில் ஊன்றுங்கள். இனி கண் அந்தக் கையின் விளிம்பை விட்டு நகரக்கூடாது, தாள் பக்கம் திரும்பவே கூடாது. மணிக்கட்டில் தொடங்கி எறும்பு ஊரும் வேகத்தில் கண் விளிம்பில் ஊரட்டும், பென்சிலும் அதே வேகத்தில் ஊரட்டும். கட்டைவிரல் மடிப்பு வந்தால் மடிப்புக்குள் நுழைந்து வெளியே வாருங்கள். நகத்தின் ஓரம் வந்தால் அதையும் சுற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், ஊதிப் பெருத்த கையுறை ஒன்று தாளில் கிடக்கும். சுண்டுவிரல் மணிக்கட்டில் முளைத்திருக்கும். சிரித்துவிடுவீர்கள். ஓவியக் கல்லூரிகளிலும் கொடுக்கும் பயிற்சிதான் இது. தாளைப் பார்க்காமல் யார் வரைந்தாலும் கோணத்தான் செய்யும், அதனால் இதில் தோற்க வழியில்லை. கூச்சத்தால் நின்றவர்களுக்கு இதைவிட நல்ல கதவு எனக்குத் தெரியாது. அந்தக் கோணல் கோடுகளை உற்றுப் பாருங்கள், ஏதாவது ஓரிடத்தில், ஒரு விரல் மூட்டின் வளைவில், உண்மையான கை எட்டிப்பார்க்கும்.

கிட்டார் என்றால் ஈ மைனர் கார்டு, அதாவது பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு சுரக்கூட்டு. இரண்டே விரல்: மெல்லிய தந்தியிலிருந்து எண்ணி நான்காம் தந்தியிலும் ஐந்தாம் தந்தியிலும், கழுத்தின் நுனியிலிருந்து இரண்டாவது கட்டத்தில். ஆறு தந்தியையும் மேலிருந்து கீழாக மெதுவாக ஒருமுறை தட்டுங்கள். பிறகு ஒவ்வொரு தந்தியாகத் தட்டி, எது ‘டொக்’ என்று மழுங்குகிறது என்று கேளுங்கள். ஏதோ ஒரு விரல் பக்கத்துத் தந்தியில் சாய்ந்திருக்கும், நிமிர்த்துங்கள். கடைசியாகத் தட்டியதை போனில் பதிவு செய்து தேதி போட்டு வையுங்கள். இசைக்கு அதுதான் தடயம்.

குரோஷாவில் ஒரு முடிச்சு, அதிலிருந்து இருபது சங்கிலித் தையல். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வெளிர் நிறத்தில், நடுத்தரப் பருமனில் நூலும், 5 மில்லிமீட்டர் கொக்கி ஊசியும் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அழகுக்கு ஆசைப்பட்டு கறுப்பு நூலையோ புசுபுசுவென்ற நூலையோ எடுத்துவிடுவார்கள். தையலின் கண்ணே தெரியாமல் இரண்டாம் நாளே வெறுத்துப்போகும். முதல் சங்கிலி ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தொளதொளவென்றும் வரும். வெட்டி நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

எழுத ஆசை என்றால் ‘கதை’ என்ற சொல்லையே பக்கத்தில் சேர்க்க வேண்டாம். இன்று காலையிலிருந்து உங்கள் கை தொட்ட பத்துப் பொருட்களைப் பத்து வாக்கியமாக எழுதுங்கள். எழுதியதை அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். புகைப்படத்துக்கு ஜன்னலோரம் ஒரு கண்ணாடி டம்ளர், பத்து கிளிக். ஜூம் கிடையாது, நீங்கள்தான் நகர வேண்டும். பத்தில் எதையும் அழிக்காதீர்கள். களிமண் என்றால் ஒரு பிடி உருண்டையில் கட்டைவிரலை அழுத்திச் சுற்றிச் சுற்றிக் கிள்ளி வந்தால் ஒரு கிண்ணம்.

கையருகில் இருப்பதில் தொடங்குவது என்றதும் எனக்கு மேரி டிலேனி நினைவுக்கு வருவார். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர். ஒரு செம்பூவின் இதழும் மேசையில் கிடந்த ஒரு துண்டுத் தாளும் ஒரே நிறத்தில் இருப்பதைக் கவனித்து, கத்தரிக்கோலை எடுத்து அந்தத் தாளை இதழ் வடிவில் வெட்டினார் என்று சொல்வார்கள். அப்போது அவருக்கு வயது 72. அடுத்த பத்தாண்டுகளில், கண்பார்வை மங்கும்வரை, கறுப்புப் பின்னணியில் தாள் துணுக்குகளை ஒட்டி 900-க்கும் மேற்பட்ட மலர்களை உருவாக்கினார். அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 72 வயதில் தொடங்கியதைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அந்த மேசையில் கத்தரிக்கோல் கிடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

படி 4: ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

‘தினமும் ஒரு மணி நேரம் வரைவேன்’ என்பது ஆசை. திட்டம் இப்படி இருக்கும்: ‘ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், ஜன்னல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து, என் கையைப் பார்த்து ஒரு படம் வரைவேன்.’ எது முடிந்ததும், எங்கே, என்ன. மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்த விஷயம் இது. 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 தனித்தனிச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே கட்டிவைத்தவர்கள் வெறும் குறிக்கோள் மட்டும் வைத்திருந்தவர்களைவிடக் கணிசமாக அதிகம் செய்து முடித்தது தெரிந்தது. காரணம் எளிது. ‘இப்போது உட்காரலாமா, அப்புறமா?’ என்ற பேரம் நடக்கவே இடமில்லை. தட்டைக் கழுவி வைத்தாயிற்று, அவ்வளவுதான்.

கடிகார நேரத்தோடு முடிச்சுப் போடுவதைவிட வேலையோடு போடுவது எனக்குச் சரிப்பட்டு வருகிறது. எட்டரை மணி என்று வைத்தால், எட்டு நாற்பதுக்குப் பார்க்கும்போது ‘போச்சு, இனி நாளைக்குத்தான்’ என்று மனம் சந்தோஷமாகக் கைவிரித்துவிடும். இடைஞ்சலுக்கும் ஒரு வாக்கியம் எழுதி வையுங்கள்: ‘நடுவில் போன் வந்தால், பேசி முடித்த கையோடு அதே நாற்காலிக்குத் திரும்புவேன்.’

பொருட்கள் கண்ணில் படுகிற இடத்தில் கிடக்கட்டும். உறைக்குள் ஜிப் போட்டு மூலையில் சாத்திய கிட்டார், வீட்டில் இல்லாத கிட்டார் மாதிரிதான். ஸ்டாண்டில் வையுங்கள், நேர் வெயில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச் புக்கை மூடாதீர்கள், நடுவில் பென்சிலைச் செருகித் திறந்தபடியே விடுங்கள். வீடு கொஞ்சம் அலங்கோலமாகத் தெரியும். வீட்டில் யாராவது எடுத்து அடுக்கி வைக்கிற பழக்கம் உள்ளவர் என்றால், “இந்த ரெண்டு வாரத்துக்கு இதைத் தொடாதீங்க” என்று சொல்லிவிடுங்கள்.

படி 5: அந்த ஐந்து நிமிடத்தில் நடப்பது

யாரும் சொல்லாத பகுதி இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒலிப்பதிவு செய்யவோ படம் எடுக்கவோ வேண்டியவர்கள் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும். முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாது, பென்சிலைச் சீவுவதிலும் தாளைச் சரிசெய்வதிலும் போய்விடும். இரண்டாம் நிமிடத்தில்தான் வரும். திடீரென்று தாகம் எடுக்கும். அனுப்ப மறந்த மெயில் ஒன்று ஞாபகம் வரும். பென்சில் சரியில்லையோ என்று தோன்றும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கூடம் இந்த இரண்டாம் நிமிடத்தில்தான் கோணும். எழுந்திருக்காதீர்கள். ஞாபகம் வந்ததைத் தாளின் ஓரத்தில் ஒரு சொல்லாகக் கிறுக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கோட்டைத் தொடருங்கள். எனக்கு இன்றும் இது வருகிறது. நின்றுபோகவில்லை, வரும் என்று தெரிந்துவிட்டது.

மூன்றரை நிமிடத்துக்குள் பெரும்பாலும் சத்தம் அடங்கும். கண் மூட்டுகளின் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படியே போனால் பதினைந்து நிமிடம் ஆனாலும் தெரியாது. அடங்கவில்லையா, ஐந்தாவது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். முழு மதிப்பெண். ஐந்து நிமிடம் என்று சொல்லி உட்காரவைத்து ஒரு மணி நேரம் பிடித்து வைத்தால், நாளைக்கு உங்கள் மனம் உங்களை நம்பாது.

ஒரு சின்ன வித்தை. எழுந்திருக்கும்போது எதையாவது அரைகுறையாக விட்டுவிடுங்கள்: மோதிர விரலை மட்டும் வரையாமல், வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, சங்கிலியைப் பத்தொன்பதில் விட்டு. நடுவில் தடுக்கப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலேயே மனிதர்கள் திரும்ப எடுத்துக்கொள்வதை மரியா ஓவ்சியான்கினா என்ற உளவியலாளர் 1928-இல் சோதித்துக் காட்டினார். முடிந்த படத்துக்கு முன்னால் புதிதாக உட்காருவதைவிட, விட்டுப்போன மோதிர விரலுக்கு முன்னால் உட்காருவது எளிது.

படி 6: இருபது மோசமான பக்கம்

பதினான்கு நாளில் இருபது பக்கம் கெடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருபது பதிவு, இருபது துண்டுச் சங்கிலி, எதுவானாலும். நல்லது ஒன்று தவறி வந்துவிட்டால் மன்னித்துவிடலாம். சித்திரமும் கைப்பழக்கம் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பழக்கம் கோணல் கோடுகள் வழியாகத்தான் வரும் என்பதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

அழகான நோட்டு வாங்கியவர்களுக்கு முதல் பக்கம் ஒரு தனிக் கண்டம். அந்த வெள்ளையைக் கெடுக்க மனம் வராது. வீட்டில் இருக்கும் பேனாக்களெல்லாம் எழுதுகிறதா என்று முதல் பக்கம் முழுக்கக் கிறுக்கிப் பாருங்கள், கண்டம் தாண்டியாயிற்று. இல்லாவிட்டால் ஏழாம் பக்கத்தில் தொடங்குங்கள்.

ஆரம்ப சூரத்தனத்துக்கும் இங்கேதான் கடிவாளம். மூன்றாம் நாள் உற்சாகம் பொங்கி வரும். பெரிய கேன்வாஸ், புது வகுப்பு, தினமும் இரண்டு மணி நேரம் என்று மனம் ஓடும். ஓடட்டும். பதினான்கு நாள் முடியும்வரை எதுவும் வாங்காதீர்கள். இதற்கு ஒரே விலக்கு, கருவி நிஜமாகவே கையைக் கட்டும் இடம். அச்சு எடுக்கும் மெல்லிய தாளில் வாட்டர் கலர் வைத்தால் தாள் நெளிந்து குளம் கட்டும், யார் வைத்தாலும் அப்படித்தான். அதற்கு 300 ஜிஎஸ்எம் தாள் வேண்டும், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள். அந்த மாதிரி இடத்தில் உங்கள் கையைப் பழிக்காதீர்கள்.

ஒவ்வொன்றிலும் தேதி போடுங்கள். இருபதும் ஆனபிறகு தரையில் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். அதற்கு முன்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

படி 7: விட்டுப்போன நாள்

விட்டுப்போகும். ஐந்தாம் நாளோ, ஒன்பதாம் நாளோ.

‘21 நாளில் பழக்கம்’ என்று ஒரு கணக்கு எங்கும் சுற்றுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னால் நடக்கும் பழக்கமாக இறுகுவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆனது: பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, மீதிப் பேருக்கு அதிகம். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: நடுவில் ஒருநாள் விட்டதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை.

கெடுப்பது அந்த ஒருநாள் இல்லை, அதற்குப் பிறகு நம்மை நாமே போட்டுத் திட்டுவது. மைக்கேல் வோல் என்பவரும் மேலே சொன்ன பிச்சிலும் மற்றொருவரும் 2010-இல் முதலாண்டுக் கல்லூரி மாணவர்களிடம் பார்த்தது இது: முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டினால் அந்த வேலையின்மேல் இன்னும் ஒரு நெருடல் ஏறிக்கொள்கிறது. பிறகு அதிலிருந்தும் ஓட வேண்டியிருக்கிறது.

அதனால் திரும்பி வரும் நாளில் முதல் அடியைப் பாதியாக வெட்டுங்கள். கை முழுக்க வேண்டாம், கட்டைவிரல் மட்டும். ‘விட்டதையும் சேர்த்து இன்றைக்கு ரெண்டு’ என்ற வட்டிக் கணக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

படி 8: யாரிடம் காட்டுவது

பதினான்கு நாளும் இணையத்தில் போடாதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் பாலர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாக வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசுப் பத்திரம் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசு எதுவும் இல்லாத சாதாரண நேரத்தில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். லைக் கணக்கும் ஒரு பரிசுப் பத்திரம்தான். ‘இதை விற்கலாமே’ என்று அன்போடு சொல்கிற உறவினரும் அதே பத்திரத்தைத்தான் நீட்டுகிறார்.

அதற்குப் பதில் ஒரே ஒரு சாட்சி போதும். நான் ஒரு தோழியோடு ஏற்பாடு செய்துகொண்டேன். ராத்திரி ஒரு டிக் மட்டும் அனுப்புவேன், படம் அனுப்ப மாட்டேன். டிக் வராத நாளில் அவள், “என்னடி, இன்னிக்கு உட்காரலையா?” என்று மட்டும் கேட்பாள். நன்றாக வந்ததா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

பதினைந்தாம் நாள்

இருபது பக்கங்களையும் தரையில் பரப்புங்கள். நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். எந்தப் பக்கத்தில் நேரம் போனது தெரியவில்லை என்று மட்டும் பாருங்கள். அப்படி ஒன்றிரண்டு இருந்தால் இன்னொரு பதினான்கு நாள் தொடருங்கள், முதல் அடியை ஒரு பிடி பெரிதாக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால், அந்தக் கிட்டாரை வாசிக்கிற யாருக்காவது கொடுத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். விருப்பம் இல்லை என்று தெரிந்துகொள்வது தோல்வி கிடையாது. வருடக்கணக்கில் உறுத்திய ஒரு பொருள் வீட்டை விட்டுப் போகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். பொழுதுபோக்கு என்று இல்லை, குளிப்பது, சாப்பிடுவது, பில் கட்டுவது என்று எல்லாமே தள்ளிப்போகிறது, எதிலும் ருசியில்லை, வாரக்கணக்கில் இப்படியே இருக்கிறது என்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்பதில்லை என்றால் கவனக்குறைவுக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும், ஐந்து நிமிடப் பென்சில் போதாது.

காய்ந்துபோனவற்றை என்ன செய்வது

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டிலாவது ஏற்கெனவே ஒரு பெட்டி இருக்கும். அதைத் திறக்க பயம்: எல்லாம் வீணாகியிருக்குமோ. திறந்து பாருங்கள், பெரும்பாலும் இல்லை. துருப்பிடித்த கிட்டார் தந்தியை மாற்றிக்கொள்ளலாம். நூலைப் பூச்சி அரிக்காமல் இருந்தால் சரி. மையடைத்த பவுன்டன் பேனாவின் நிப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தால் பெரும்பாலும் ஓடும். சூளையில் சுடாத இயற்கைக் களிமண் கட்டிதட்டியிருந்தால் உடைத்துத் தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடி குழையும். அக்ரிலிக் வண்ணம் மட்டும் காய்ந்தால் காய்ந்ததுதான், பிளாஸ்டிக்காக மாறிவிடும், தூக்கிப் போடுங்கள்.

வாட்டர் கலர் அப்படி இல்லை. அதில் வண்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது மரப் பிசின், தண்ணீர் பட்டால் அது மறுபடி இளகிவிடும். இது தெரியாமல் நான் புதுப் பெட்டி ஒன்று வாங்கக் கிளம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டியூபின் முதுகில் பிளேடால் நீளவாக்கில் கீறுங்கள், விரல் பத்திரம். தகரத்தை இரண்டு பக்கமும் விரித்தால் உள்ளே சாக்பீஸ் மாதிரி ஒரு துண்டு இருக்கும். அதன்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் பொறுத்து, ஈரப் பிரஷால் தேய்க்க வேண்டும். என் நீலம் முதல் தேய்ப்பில் வரவில்லை, இரண்டாவதில் வந்தது. அதை வைத்து, பென்சிலால் வரைந்திருந்த கோணல் கையின் கட்டைவிரலுக்கு மட்டும் வண்ணம் தீட்டினேன். மற்ற நான்கு விரலையும் மறுநாளைக்கு விட்டுவைத்தேன்.